நைகார்ட் வீட்டு முன்னறை

டுலூத் நகரத்து மேட்டுத் தெருவில், ஆர்வில் நைகார்ட் தன் மனைவி மார்லிஸை அடக்கம் செய்த மார்ச் ஒன்பதாம் தேதியிலிருந்து, அவருடைய வீட்டு முன்னறையில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சமையலறையில் கரண்டி விழுந்தால் கேட்கும். முன்னறையில் தட்டே உடைந்தாலும் கேட்காது. நாய் அங்கே நின்று இரண்டு தரம் குரைத்துப் பார்த்துவிட்டு, அவமானப்பட்டதுபோல் வெளியேறியது. காப்பீட்டுக்காரர் வந்து, சேதம் ஏதுமில்லை என்று எழுதிப் போனார். தெருவார் ஒரு மாதம் அதைப் பேசினார்கள். பிறகு ஏரியில் பனி உடைந்து கப்பல்கள் வரத் தொடங்க, பேச்சும் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆர்வில் கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் இரைச்சலோடு வாழ்ந்தவர். இருந்தும், மார்லிஸின் நாற்காலி முன்னறையில் இருந்ததால் அவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அடக்கத்தன்று மகள் காரின் அந்த அறையில் அவரிடம் ஏதோ சொன்னாள். துக்கத்தில் காது அடைத்திருக்கிறது என்று இருவருமே நினைத்த நாள் அது. சாப்பிடக் கூப்பிடுகிறாள் போலும் என்று அவர் வேண்டாமெனத் தலையாட்டினார். அவள் முகம் வெளுத்தது. அன்றே தான் வசித்த ஃபார்கோ நகரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போனவள், அப்புறம் போன்கூடச் செய்யவில்லை.

ஜனவரியில், கூரை வேலைக்கென்று வைத்திருந்த நானூறு டாலரோடு ஆர்வில், அறையில் ஏதாவது சத்தம் எழுப்ப முடியுமா என்று பார்க்க டாய்வோவின் பழைய ஸ்டீரியோ கடைக்குப் போனார்.

"என்னப்பா, காது போச்சா?" என்றார் டாய்வோ.

"காது நல்லாத்தான் இருக்கு. அறைதான் செவிடாயிடுச்சு."

"அப்போ ஒண்ணு சொல்றேன் கேளு. காசுல முக்காவாசிய ஸ்பீக்கர்ல போடு. ரேடியோ ரிசீவர் உன் பழசே போதும். நூறு வாட்டு, இருநூறு வாட்டுன்னு எழுதியிருக்கிறதெல்லாம், மீன் புடிச்சவன் கைய விரிச்சுக் காட்டுற கதைதான்."

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஜோடி ஸ்பீக்கர் அலமாரியில் அடங்கும் அளவு. அவற்றின் காகிதக் கூம்புகள் அதிர்ந்தன, ஒலி வரவில்லை. இரண்டாவது ஜோடிக்கு ஜன்னல் கண்ணாடியே நடுங்கியது, அப்போதும் வரவில்லை. டாய்வோ முகம் சுளிக்காமல் இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்றாவது, தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து இறந்துபோன ஒருவருடையது. இடுப்புயர மரப் பெட்டிகள், முகத்துணியில் பூனை கீறிய தடங்கள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி மதியம் ஆர்வில் கம்பிகளை மாட்டி, ரேடியோவில் ஹாக்கி வர்ணனையைத் திருப்பினார். ஹாக்கி வரவில்லை. நாற்காலிகள் இழுபடுவதும், காப்பிக் கோப்பைகளும், துக்கத்துக்கு வந்தவர்களின் முணுமுணுப்பும் வந்தன. அப்புறம் காரின் பேசினாள்.

"அப்பா, நான் இங்கயே வந்துடட்டுமா? அங்க தனியா இருக்க முடியல என்னால."

அதற்குப் பிறகு பெட்டிகளில் வெறும் இரைச்சல். தலையாட்டலுக்குச் சத்தம் கிடையாது. ஆர்வில் சமையலறைக்குப் போய்ப் போனை எடுத்தார்.

"அன்னிக்கு நீ கேட்டது இப்பத்தான் வந்துச்சு, காரின். வந்துடும்மா."

"பதினோரு மாசம் கழிச்சா?"

"ஆமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என் கட்டில்ல நாயப் படுக்க விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"எறக்கி விடுங்க. வர்றேன்."

ஏப்ரலில் அவள் வந்து சேர்ந்தாள். முன்னறையில் எழும் சத்தம் சரியாகப் பதினோரு மாதம் கழித்து அந்தப் பெட்டிகளில் வருகிறது என்பதை இருவரும் கண்டுகொண்டார்கள். அன்றாடப் பேச்சைச் சமையலறையில் வைத்துக்கொண்டார்கள். நேரில் சொல்ல முடியாததை அவரவர் தனியே போய் முன்னறையில் சொல்லிவிட்டு வந்தார்கள். நாள் வந்ததும் மற்றவர் கேட்டுக்கொண்டார். ஆறு வருடம் இப்படிப் போயிற்று.

ஓர் அக்டோபர் காலையில் ஆர்வில் அந்த அறையிலேயே இறந்தார். மறுவருடம் செப்டம்பர் வரை அவருடைய இருமலும், நாயைத் திட்டுவதும், அவளுக்காகச் சொல்லிவைத்தவையும் வந்துகொண்டிருந்தன. பிறகு ஒரு நாள் அவர் மூச்சு வந்தது, நின்றது. அதைத் தொடர்ந்து காரினின் சொந்த அழுகை வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அவள் அதை முழுக்கக் கேட்டாள். ஒலியைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.