ஒருமையில் ஒரு வணக்கம்

என் அக்கா என்னை "நீங்க"ன்னு கூப்பிட ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. கேட்கறவங்களுக்கு மரியாதைன்னு தோணும். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

ரெண்டு பேரும் தையல்காரிங்க. ஒரே கடை, ஒரே அறை, முதுகுக்கு முதுகு ரெண்டு மெஷின். ஒரு கோட்டுக்கு நான் ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டித் தொலைச்சுட்டேன். தப்புதான், யாரு இல்லைன்னா? அதுக்காக வாடிக்கைக்காரர் முன்னாடி, "இதை வெட்டினது இவங்கதான்"னு விரலை நீட்டுவாளா? "இவங்க"ளாம்! நான் மட்டும் சளைச்சவளா? "ஆமாங்க, அளவு எடுத்தது நீங்கதாங்க"ன்னேன். அன்னிக்குப் பிடிச்ச சனி விடவே இல்ல.

"கத்திரிக்கோலைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

"தாராளமா எடுத்துக்கோங்க."

போன வாரம், "ஒண்ணாம் தேதி வண்டி சொல்லியிருக்கேங்க. என் மெஷினை அடுத்த தெருக் கடைக்குத் தூக்கிட்டுப் போறேன்"னா. "சந்தோஷங்க"ன்னேன். வீட்டுக்கு வந்து தலையணையில முகத்தைப் புதைச்சு அழுதது எனக்குத்தான் தெரியும். அவ இல்லாத கடையில எனக்கு என்ன வேலை?

நல்லவேளை, இடுப்பு வலி மட்டும் பாகம் பிரியல. ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர், ஒரே யோசனை: யோகா. வகுப்புக்கு முதல் நாள் போனா, காலியா இருந்த ஒரே பாய் அவ பக்கத்துல.

கடைசியில டீச்சர், "பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்து நமஸ்தே சொல்லுங்க"ன்னாங்க. நாங்களும் சொன்னோம், சுவரைப் பார்த்து.

டீச்சருக்குப் பொறுக்கல. நேரா என்கிட்ட வந்துட்டாங்க. "அர்த்தம் தெரிஞ்சு சொல்லுங்கம்மா. நமஸ்னா வணக்கம். தேன்னா உனக்கு. எங்க, தமிழ்ல சொல்லுங்க."

"உங்களுக்கு வணக்கம்."

"உங்களுக்கு இல்லம்மா, உனக்கு. அது ஒருமை."

"மரியாதைக் குறைவா இருக்காதா, டீச்சர்?"

"சாமியையே நீன்னுதானே கூப்பிடறோம்!"

அக்கா கூப்பின கையை இறக்காம என்னையே பார்த்துட்டு நின்னா. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் மூணே நாள். நானும் அவ பக்கம் திரும்பினேன்.

"உ... உனக்கு வணக்கம்க்கா."

அவ உதடு துடிச்சுது. பதில் வணக்கம் வரும்னு பார்த்தா, சட்டுனு என் கையைப் பிடிச்சுத் தூக்கினா.

"அக்குள்ல தையல் பிரிஞ்சிருக்குடி, கழுதை. இந்த லட்சணத்துல எவ தச்சா?"

"நீதான்!"

வகுப்பே கொல்லுனு சிரிச்சுது. எனக்கு மட்டும் கண்ணு கலங்கிப்போச்சு.

படி இறங்கும்போதே அக்கா போனை எடுத்தா. "வண்டிக்காரரா? ஒண்ணாம் தேதி நீங்க வர வேண்டாம்."

எட்டு மாசத்துல முதல் தடவையா, அவ சொன்ன "நீங்க" எனக்கு இல்ல.