அலுமினியத்துக்குக் கட்டம் இல்லை

"எவர்சில்வர்னு எழுதியிருந்தா இந்நேரம் வீட்டுக்கே போயிருக்கலாம்."

"என் அண்ணன் அலுமினியம் மேடம்."

"அலுமினியத்துக்குக் கட்டம் இல்லையே."

கவுண்டரில் இருந்த பெர்னதத் மேடம் படிவத்தை என் பக்கம் தள்ளினார். அதில் இரண்டே கட்டங்கள். எவர்சில்வர். கண்ணாடி.

எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்கு ஒருவர் திராட்சை ஒயின் போடும் பாத்திரமாகிவிடுவார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆளாகத் திரும்பிவிடுவார். இந்த வருஷம் எங்கள் வீட்டில் கஸ்பார் அண்ணன். இரண்டு கைப்பிடி வைத்த அலுமினிய அண்டா. பேச்சு மட்டும் பழையபடி இருந்தது.

பாத்திரமானவர்களை இந்த அலுவலகத்தில் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் முக்கிச் சுத்தம் என்று சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் இல்லாதவர் பாத்திரமாகவே இருந்துவிட வேண்டியதுதான்.

காஸ்டிக் சோடா எவர்சில்வரை ஒன்றும் செய்யாது. அலுமினியத்தைத் தின்றுவிடும். எனக்குத் தெரியும். முதல் நாளே, பளபளவென்று இருக்கட்டுமே என்று நானே அதைப் போட்டுத் தேய்த்தேன். அண்ணன் நுரைத்தான். கூசுகிறது என்று சிரித்தான். பிறகு கறுத்தான். கழுவிப் பார்த்தபோது விளிம்பு காகிதமாக மெலிந்திருந்தது. அம்மாவின் பெயரும் அவனுக்கு மறந்திருந்தது.

இனி ஒரு சொட்டும் படவிடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

விதிவிலக்கு கடைசி அறையில் கிடைக்கும் என்றார் பெர்னதத் மேடம். அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். தாழ்வாரம் நீண்டது. நானும் நடந்தேன். சாப்பாட்டு நேரம் வந்து, எங்களைத் தாண்டிப் போனது.

வழியில் சுவரோரம் எதிர்வீட்டு சேவியர் வரிசையில் இருந்தார். எவர்சில்வர் டிரம். டீக்கடைக்குப் போகிற வழி தவறி இங்கே வந்துவிட்டீர்களா என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் பொறுமையாகப் பதில் சொன்னான். "உன்னை ப்ளீச்சிங் பவுடர்ல ஊற வச்சா புள்ளி புள்ளியா ஓட்டை விழும். யார்கிட்டயும் சொல்லல. சொல்லட்டுமா?" சேவியர் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

இதை மறக்கவில்லையே என்று எனக்குத் தெம்பு வந்தது.

கடைசி அறையைத் திறந்தேன். அதுதான் கழுவும் அறை. தொட்டியில் ஆவி பறந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட சிலுவைமுத்து இடுக்கியோடு நின்றிருந்தார். விதிவிலக்கு கேட்டேன்.

"கழுவின பிறகுதான் தருவோம்."

"கழுவினா இவன் இருக்க மாட்டான்."

"அப்ப விதிவிலக்கு தேவைப்படாது" என்றார். குரலில் கோபம் இல்லை.

அவர் ஒரு கைப்பிடியை இடுக்கியால் பற்றினார். நான் மற்றதைப் பற்றினேன். இருவரும் இழுத்தோம். தொட்டியிலிருந்து ஒரு சொட்டு தெறித்தது. அண்ணனின் வயிற்றில் சிறிதாக நுரை கட்டியது.

"யாரும்மா நீ?" என்றான் அவன்.

"உன் தங்கச்சி."

"அப்படியா" என்றான். "பிடி நல்லாத்தான் இருக்கு."

கால்களைத் தொட்டியடிச் சாக்கடையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டேன். முந்தானையால் நுரையைத் துடைத்தேன். சிலுவைமுத்துவின் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"ஒரு வாளி வெந்நீரும் சாதா சோப்பும் குடுங்கண்ணே. உங்க கண்ணு முன்னாலயே நான் கழுவுறேன்."