இரண்டாவது அண்டா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷம் ஆடியில் காவிரியும் கொள்ளிடமும் ஒருசேரப் பெருகி, ஸ்ரீரங்கத்துக் கரையோரக் குடிசைகளை அடித்துக்கொண்டு போயின. அம்மாமண்டபம் சாலையில் அரிசி வியாபாரி அப்துல் சுக்கூரின் கிடங்கு மேட்டில் இருந்ததால் தப்பியது. அவர் அதைத் திறந்துவிட்டு, வீடிழந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஏற்பாடு செய்தார்.

சித்திரை வீதி அரவிந்தவல்லி பழைய புடவைகளைக் கொடுக்கத்தான் அங்கே போனாள். கோர்ட்டில் குமாஸ்தாவான கணவர் சக்ரபாணியும் கூட வந்திருந்தார். கஞ்சி ஊற்றியவர்கள் எல்லாரும் ஆண்கள். வரிசையில் முண்டியடித்தவர்களும் ஆண்களே. பெண்கள் பின்சுவரோரம் ஒண்டியிருந்தார்கள். கிழிந்த ஈரச் சேலையோடு அந்த நெரிசலில் போய் நிற்க அவர்களுக்குக் கூச்சம். கூட்டம் குறைந்து அவர்கள் எழுந்து வந்தபோது அண்டா காலியாகியிருந்தது.

கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தியிடம் அரவிந்தவல்லி கேட்டாள். "சாப்பிட்டியாம்மா?"

"நேத்து கொஞ்சம் கெடச்சுதுங்க. இன்னைக்கு இல்லை," என்றாள் அவள். வேலம்மாள் என்று பெயர். "பால் வத்திப்போச்சு. அதான் புள்ள அழுவுது."

அரவிந்தவல்லி நேரே சுக்கூரிடம் போனாள். "நாளைக்கு நான் வந்து பொம்மனாட்டிகளுக்குத் தனியா ஊத்தறேன்."

"உங்க வீட்டுல ஏதாவது சொல்லப் போறாங்கம்மா," என்று தயங்கினார் அவர்.

"அதை நான் பாத்துக்கறேன்."

வீடு திரும்பியதும் சக்ரபாணி சொன்னார். "நாலு வீதியிலயும் பேசுவா. கோவில்ல நான் எப்படித் தலைகாட்டறது?"

"பேசட்டுமே. அந்தக் குழந்தை அழுததை நீங்களும் கேட்டேளே. நான் போகத்தான் போறேன்."

அவர் செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார்.

மறுநாள் அரவிந்தவல்லி அகப்பையை வாங்கிக்கொண்டு பெண்களை முதலில் கூப்பிட்டாள். உடைந்த கரையை அடைக்கப் போகும் ஆட்களில் மூத்தவரான வீரமலை முன்னால் வந்தார்.

"எங்களை எத்தனை நேரம் நிக்க வைப்பீங்க? இன்னைக்குக் கரையை அடைக்கலேன்னா திரும்பவும் தண்ணி உள்ள வரும். வெறும் வயித்தோட மண்ணு சுமக்க முடியுமாங்க?"

அவர் கண்கள் குழிவிழுந்திருந்தன. ஒருவரைப் பின்னால் தள்ளி மற்றவருக்கு ஊற்றுவதில் நியாயமில்லை என்று அவளுக்கே பட்டது. ஆனால் பெண்களை மறுபடி சுவரோரம் அனுப்பவும் மனம் ஒப்பவில்லை.

"இன்னொரு அண்டா இருக்கா?" என்று சுக்கூரைக் கேட்டாள்.

"அண்டா இருக்கு, அரிசியும் இருக்கு. காய்ச்சத்தான் ஆளில்லம்மா."

"நான் காய்ச்சறேன்."

முதல் அண்டா கரைக்குப் போகிறவர்களுக்கு என்று ஆயிற்று. வீட்டு வெண்கலப் பானையில் சமைத்த கைக்கு இரண்டாவது அண்டா அடங்கவில்லை. ஈர விறகு புகைந்தது. கண்ணைக் கசக்கிக் கசக்கி ஊதியதில் ஒரு வழியாகக் கொதித்த கஞ்சி, கடைசியில் அடிப்பிடித்துவிட்டது. பெண்கள் ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார்கள். அதுதான் அவளுக்கு அதிகம் உறுத்தியது.

அடுத்த நாள் விடிந்ததும் வந்து அடுப்பு மூட்டினாள். வேலம்மாள் குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்து துடுப்பைப் பிடித்தாள்.

"நீங்க தீயைப் பாருங்க. நான் கிண்டுறேன்."

இன்னும் இரண்டு பேர் அரிசி களைய உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வீரமலை தோளில் ஒரு காய்ந்த மரக்கட்டையைக் கொண்டுவந்து போட்டார். இடிந்துபோன அவர் குடிசையின் விட்டம் அது; மேட்டில் வெயிலில் காய வைத்திருந்தார்.

"இது உங்களுக்கு வேணுமே," என்றாள் அரவிந்தவல்லி.

"புதுசாத்தானே கட்டப் போறேன். எரியுங்க," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போனார்.

அன்றைக்கு இரண்டு வரிசையிலும் ஒரே நேரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். யாரும் வெறும் வயிற்றோடு திரும்பவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சக்ரபாணி கிடங்கு வாசலில் வந்து நின்றார். அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அரவிந்தவல்லி அகப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கோவில்ல கேட்டா," என்றார் அவர். "ஆமாம், என் ஆத்துக்காரிதான் கஞ்சி ஊத்தறாள்னு சொன்னேன்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் மேல்வேஷ்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"தண்ணி எந்தக் கிணத்துலேர்ந்து எடுக்கணும்?"

கரை அடைபட்டு, புதுக் குடிசைகளுக்குக் கூரை ஏறும்வரை இரண்டு அடுப்பும் எரிந்தன. பக்கத்து வீட்டு மரகதவல்லி அந்த நாட்களில் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அரவிந்தவல்லி அதற்காக ஒரு நாள்கூடக் கிடங்குக்குப் போகாமல் இருக்கவில்லை.