விரலில் ஒரு மீட்டர்

ஏசி பழுது பார்க்கிற அவனுக்கு ஒரு பழக்கம். இயந்திரம் கெட்டுவிட்டது என்று மீட்டர் சொன்னால், முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவான். முள் சிக்கிய பிரஷர் கேஜை நம்பி, நல்ல கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டு ஒருமுறை அசடு வழிந்திருக்கிறான்.

ஏழு மாத வயிற்றோடு மனைவிக்குக் கொரோனா வந்தபோதும் பழக்கம் அவனை விடவில்லை. அவள் உள்ளறையில், அவன் கதவுக்கு வெளியே முக்காலியில். அறைக்காற்று தெருப்பக்கம் போகும்படி ஜன்னலில் மின்விசிறியைத் திருப்பி வைத்திருந்தான்.

"என்னங்க, தொண்ணூத்தி மூணு காட்டுது."

இரண்டு முகக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி அவள் விரலைக் கவ்வியிருந்தது.

"இது விரலுக்குள்ள வெளிச்சத்தை விட்டு ரத்தத்தோட நிறத்தைப் பாக்குது. ஆக்சிஜன் இருந்தா பளிச்சுனு சிவப்பு, குறைஞ்சா மங்கல். விரல் சில்லுனு இருந்தா தப்பாக் காட்டும்."

"காய்ச்சல்காரிக்குப் பாடம் வேற."

உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கினான். தொண்ணூற்று மூன்று. புது பேட்டரி போட்டான். அதேதான்.

"நகப்பூச்சு இருந்தாலும் வெளிச்சம் போகாது."

"நான் பூசி ரெண்டு மாசமாச்சு. என் கையை... எப்பத்தான் பாத்தீங்க?"

கருவியைத் தன் விரலில் மாட்டினான். தொண்ணூற்றெட்டு.

"உங்களுக்கு... சரியாத்தானே காட்டுது. இன்னும் யாரை... சந்தேகப்படணும்?"

கேலிதான். ஆனால் அந்தச் சின்னப் பேச்சுக்கு நடுவே இரண்டு இடத்தில் அவள் மூச்சு வாங்கியதை இப்போதுதான் கவனித்தான். தினமும் போனில் விசாரித்துவந்த செவிலியரை அழைத்தான்.

"அரை மணியா மீட்டரைச் சரி பாத்துட்டிருந்தேன், சிஸ்டர்."

"நல்லாப் பாத்தீங்க போங்க! தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனா உடனே கூப்பிடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. பிள்ளை வளர வளர நுரையீரலுக்கு இடம் குறையும் தம்பி. இருக்கிற மூச்சுலதான் ரெண்டு பேரும் பிழைக்கணும். அவங்களை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ஆம்புலன்ஸ் வருது."

மருத்துவமனையில் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வாகன நிறுத்தத்தில் கூண்டுக்குள் புலிபோல் நடந்தான். எல்லாவற்றுக்கும் 'ஏன், எப்படி' என்று கேட்கிறவனுக்கு, 'குழந்தை எப்படி இருக்கு' என்று கேட்க மட்டும் நா எழவில்லை. அலைபேசி அடித்தது. வார்டிலிருந்து ஒரு செவிலியர்.

"ஆக்சிஜன் வச்சிருக்கோம் தம்பி, அம்மா தேறிட்டு வராங்க. வந்தப்போ பிள்ளையோட இதயம் ரொம்ப வேகமா அடிச்சுது. அம்மாவுக்கு மூச்சு சேந்ததும் அதுவும் நிதானமாயிடுச்சு. கேளுங்க."

அலைபேசியை பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் கருவியின் ஒலிபெருக்கி அருகே கொண்டுபோனார்கள் போலும். தண்ணீருக்குள் குதிரை ஓடுவது போல ஒரு சத்தம். நடை தானாக நின்றது.

"போதுமா?" முகமூடிக்குள்ளிருந்து அவள் குரல்.

"இன்னும் கொஞ்சம், அம்மாடி."

ஒரு வாரம் கழித்து, ஆக்சிஜன் இல்லாமலே அவள் மூச்சு நிலைத்தது. பிரசவம்வரை பிள்ளையின் வளர்ச்சியை ஸ்கேனில் அடிக்கடி பார்க்கவேண்டும் என்று சொல்லி மருத்துவர் வீட்டுக்கு அனுப்பினார். சக்கர நாற்காலியில் வெளியே வந்தவளைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது.

"அழாதீங்க. மாஸ்க் நனைஞ்சா மூச்சு முட்டும். வீட்டுக்குப் போய் அழுதுக்கலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு, அங்கேயே நின்று அழுதான்.