கன்ட்ரோல் பாத்தி

வெள்ளரிக்கு வேரழுகல் வந்துவிட்டால் கதை முடிந்தது. காலையில் நிமிர்ந்து நின்ற செடி சாயங்காலம் துவண்டு கிடக்கும். அதற்குத்தான் தங்கச்சிக்காரி ஆய்வகத்தில் காளானிலிருந்து சாறு எடுத்தாள். கண்ணாடித் தட்டில் வளர்த்த பூஞ்சையை அது அடியோடு அடக்கியது. தட்டில் ஜெயித்தால் ஆச்சா? மண்ணில் ஜெயிக்க வேண்டாமா? நோய் விழுந்திருந்த அண்ணனின் பசுமைக்குடிலைக் கேட்டு வாங்கினாள்.

இரண்டு பாத்திகள். சாறு ஊற்றுகிற பாத்தியில் 'டி-1' என்று பலகை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் தண்ணீர் ஊற்றுகிற பாத்தியில் 'கன்ட்ரோல்'. சாறும் பார்வைக்குத் தண்ணீர்தான். எதில் மருந்து என்று அண்ணனிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அதை மட்டும் சீராட்டுவார், சோதனை கெட்டுப்போகும்.

சொல்லித்தான் தெரிய வேண்டுமா அவருக்கு? மகா கெட்டிக்காரர்! கன்ட்ரோல் என்றால் நோயைக் கன்ட்ரோல் பண்ணுகிற பாத்தி என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். வருஷக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த சொந்த வெள்ளரி ரகம், உலகத்திலேயே மிச்சம் இருந்தது ஒரு தட்டு நாற்று. அத்தனையையும் கொண்டுபோய் அந்தப் பாத்தியின் இடைவெளிகளில் நட்டார்.

மறுநாள் தங்கச்சி பார்த்தாள். அண்ணன் ரகத்து இலையை அவளுக்குத் தெரியாதா? மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"வாயத் திறக்காதம்மா. ஒரு வார்த்தை சொன்னாலும் சோதனை செல்லாது. உன் வேலை நிரந்தரமாகறதே இதுலதான் இருக்கு."

அவள் வாயைத் திறக்கவில்லை. தினமும் வந்து தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள், பாவி.

டி-1 காய்த்துக் குலுங்கியது. கன்ட்ரோலில் ஒரு செடி மிஞ்சவில்லை. ஆய்வகத்தில் கைதட்டினார்கள்.

அண்ணன் பாத்தி ஓரத்தில் குந்தியிருந்தார். கையில் கறுத்து அழுகிய வேர்.

"விடும்மா. வெறும் தண்ணி குடிச்சது நல்லா இருக்கு, உன் மருந்து குடிச்சது செத்துப்போச்சு. நீ என்ன வேணும்னேவா பண்ண? வேற யாருக்கும் குடுத்துடாத, அவ்வளவுதான்."

இதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"அண்ணா, மருந்து அந்தப் பக்கம். இதுக்கு ஊத்துனதுதான் வெறும் தண்ணி."

அவர் இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார். தன் முட்டாள்தனத்தை நொந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை நின்றது.

"நான் இங்க நாத்து நட்டது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ?"

"மறுநாளே."

அழுகிய வேரை அவர் கீழே வைத்தார்.

"தினமும் உனக்கு வாளி தூக்கிக் குடுத்தேனேம்மா," என்றார்.