சுகம் என்று சொன்ன கை

எனக்கு வாய் நீளம் என்று கொச்சி மட்டாஞ்சேரி முழுக்கத் தெரியும். கார்ப்பரேஷனில் தெருப் பெருக்குகிறவள் நான். ஒரு துடைப்பம் குறைத்துக் கொடுத்தால் மேஸ்திரியைக் கிழித்துத் தொங்கவிடுவேன். அப்படிப்பட்ட நான், டாக்டர் ஷாஜி முன்னால் மட்டும் ஏழு வருஷமாகப் பொய் சொன்னேன்.

வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்து, துடைப்பத்தைத் தொட்டாலே உயிர் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்த சின்ன எலும்பை ஆபரேஷன் செய்து எடுத்து, ராத்திரியில் என்னை வலியில்லாமல் தூங்கவைத்தவர் அவர்தான். வலி நின்றது, சத்தியம். ஆனால் பிடிக்கிற பலம் திரும்பவேயில்லை. துடைப்பம் இடது கைக்கு மாறியது. சேலைக்குப் பின் குத்தக்கூட மகள் பிந்து வரவேண்டும். வருஷா வருஷம் டாக்டர் கூப்பிட்டு, "சுகந்தானே, ராக்கம்மா?" என்பார். அந்த மனுஷனிடம் குறை சொல்ல நாக்கு எழவில்லை. "சுகம் சாரே" என்பேன். பலம் பார்க்கிற கருவியை அழுத்தச் சொன்னால், அவர் எழுதக் குனியும்போது இடது கையையும் சேர்த்து அழுத்துவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

இன்று போனபோது அவர் அறையில் சுல்ஃபத் என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இஞ்சி குடோனில் கத்தியால் தோல் சீவுகிறவள். அவளுக்கும் அதே மூட்டு, நாளைக்கு ஆபரேஷன். சம்மதத் தாளில் கையெழுத்துப் போடப் பயந்துகொண்டிருந்தாள்.

"இந்தச் சேச்சிகிட்ட கேளு. ஏழு வருஷமாச்சு, கை பழையபடி" என்றார் டாக்டர் பெருமையாக.

"நெசமாக்கா? கத்தி புடிக்க முடியுமா? அது இல்லாம எனக்குக் கஞ்சி இல்ல."

ஐயோ, அவள் என் விரலையே பார்த்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வலி போயிடும் மோளே. பலமும் போயிடும். நான் சாருகிட்ட பொய் சொன்னேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க கையைக் காட்டித்தான் எத்தனை பேரைச் சம்மதிக்க வச்சேன், அறியுமோ? ஏன் சொல்லல?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு..." குடிக்கலாமென்று மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திருகினேன். மூடி அசையவில்லை.

சுல்ஃபத் அதை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரத் திருகித் திறந்து கொடுத்தாள்.

"வலி போச்சுன்னீங்களே, அதாச்சும் நெசமா?"

"அது நெசம்."

"கத்தி போனா போகட்டும். தூங்கி ரெண்டு வருஷமாச்சுக்கா" என்று தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் திறந்து தந்த தண்ணீர் எனக்கு இறங்கவில்லை.