பதினோராவது முகம்

தனலெட்சுமி அக்காவின் ரொட்டி சானாய் கடைக்குள் கால் வைத்ததும் துஷ்யந்திக்குப் பகீரென்றது. சுவரில் அக்காவின் முகம், நீல அச்சில். அவள் போட்டோ பிடித்து, அதன்மேல் கோடு வரைந்து, பிலிமாக்கி, வெயில் காட்டி அச்செடுத்த அதே முகம்!

பத்தே பிரதிதான் என்று கண்காட்சிக்காரர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். பத்தும் ஜார்ஜ்டவுனில் தொங்குகின்றன. இன்று மாலை திறப்பு. பதினொன்றாவது எங்கிருந்து முளைத்தது? வெளியே தெரிந்தால் அவள் பேச்சை இனி எவன் நம்புவான்?

சாஹித்! வேறு யார்? ஜெலுத்தோங்கில் அவன் பட்டறையில்தான் அச்செடுத்தாள், பிலிமும் அவன் அலமாரியில்தான் கிடக்கிறது. கண்காட்சியில் அவன் படங்களும் பக்கத்திலேயே. நேற்று மாட்டும்போதுகூட, "இன்னொரு தடவ நல்லா பாருங்கக்கா" என்று மென்று விழுங்கினானே, திருட்டு முழி!

கிட்டே போய்ப் பார்த்தாள். மூக்குத்தி பக்கம் மாறியிருந்தது. அவசரத்தில் பிலிமைப் புரட்டி வைத்து அச்சடித்திருக்கிறான் மடையன். வசமாக மாட்டினான்! நின்ற இடத்திலேயே கண்காட்சிக்குச் செய்தி தட்டினாள்: சாஹித் என் படத்தைத் திருடிவிட்டான், அவன் இருக்கும் சுவரில் நான் இருக்க மாட்டேன்.

கூட்டம் குறையும்வரை டீயோடு உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, இத யாரு குடுத்தா?"

"சாஹித் தம்பிதான், நேத்து சாயங்காலம். 'நான் சொன்னா துஷி அக்காவுக்குச் சங்கடமாயிடும். டீ குடிக்க வர்றப்ப அவங்களே பாத்துக்குவாங்க, அப்புறம் கிழிச்சுப் போட்டுடுங்க'ன்னான். என்னத்தப் பாக்கணுமோ, எனக்கென்ன தெரியும்லா?"

"மூக்குத்தி தப்பான பக்கம் இருக்குக்கா."

"தப்பா? நல்லா பாரும்மா!" அக்கா முகத்தை நீட்டினாள். வலது மூக்கில் மின்னியது. சுவரிலும் வலதுதான்.

ஜார்ஜ்டவுனில் தொங்கும் பத்தையும் துஷ்யந்தி நினைத்துப் பார்த்தாள்: எல்லாவற்றிலும் இடது மூக்கு. பிலிமின் மைப் பக்கம் தாளைத் தொட்டால்தான் கோடு கூர்மையாக விழும்; அதற்கு முதலிலேயே படத்தை இடவலம் மாற்றிப் பிலிமாக்க வேண்டும். மறந்தே போயிருக்கிறாள், பாவி! மூன்று மாதம் பார்த்துப் பார்த்து அந்தத் தப்பு முகமே சரியென்று ஆகிவிட்டது. பத்தும் தப்பு. கையெழுத்து வேறு.

போன் அதிர்ந்தது. கண்காட்சியிலிருந்து: "உங்க செய்திய சாஹித் கிட்ட காட்டினோம். உடனே அவர் படங்கள கழட்டிக்கிட்டுப் போயிட்டாரு. இப்ப சுவர் முழுக்க உங்க பத்துதான்க்கா."